பெரிய கட்டிக்குச் சிறிய வாசல்

அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். வயிறு நிறைமாத அளவுக்கு மேடிட்டிருக்கிறது. மருத்துவரோ தொப்புளை ஒட்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்குத்தான் கீறுகிறார். கீறலின் அடியில் வெளிர்நீல நிறத்தில் கட்டியின் சுவர் பளபளக்கிறது. அடுத்து அவர் கேட்பது பசை. தோல் காயங்களை ஒட்டப் பயன்படும் சயனோஅக்ரிலேட் வகைப் பசையைக் கட்டியின் சுவரில் தடவி, கிருமிநீக்கம் செய்த பிளாஸ்டிக் உறை ஒன்றை அதன்மேல் ஒட்டுகிறார். பசை இறுகியதும் உறையின் உட்புறமிருந்து உறையையும் கட்டியையும் சேர்த்துத் துளைத்து, உறிஞ்சுகுழாயை நுழைக்கிறார். லிட்டர் கணக்கில் திரவம் வெளியேற வெளியேற, வயிற்றின் மேடு தணிகிறது. துளையின் ஓரத்தில் கசிவது எல்லாம் உறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வயிற்றுக்குள் ஒரு சொட்டும் விழுவதில்லை.

சினைப்பையில் வளரும் பெரிய கட்டிகளை நுண்துளை வழியாக எடுக்க மருத்துவர்கள் கண்டுபிடித்திருக்கும் உத்திகளில் இது ஒன்று. பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி என்றால் வயிற்றின் நடுவே நீளமாகக் கீறுவதே வழக்கமாக இருந்த காலம் உண்டு. இன்று இருபது, முப்பது சென்டிமீட்டர் கட்டிகளும் சிறிய கீறல்கள் வழியே வெளியே வருகின்றன. ஆனால் எல்லாக் கட்டிகளும் அப்படி வரலாமா என்ற கேள்விக்குக் கட்டியின் அளவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது, அது சிந்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

இருமடங்கு அகலம், எட்டு மடங்கு கொள்ளளவு

மாதவிடாய் நிற்காத பெண்களின் சினைப்பை சுமார் மூன்று முதல் நான்கு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். மாதந்தோறும் கருமுட்டை வளரும் நீர்ப்பை வெடிக்காமல் தங்கிவிட்டால், அது சிறு நீர்க்கட்டியாகும். இந்த வகை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் தானாகவே கரைந்துவிடும். ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு அறுவைக்கு ஓடத் தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கரையாத கட்டிகளில் பல வகை உண்டு. தெளிந்த நீர் நிரம்பியவை, பிசின்போன்ற கோழைத் திரவம் நிரம்பியவை, எண்டோமெட்ரியோசிஸ் நோயால் பழைய ரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறமாகிப்போனவை, முடியும் கொழுப்பும் சில சமயம் பல்லும் கொண்ட டெர்மாய்டு கட்டிகள் எனப் பட்டியல் நீளும். சினைப்பைக்கு அருகில் உள்ள சினைக்குழாயில் நீர் கோத்தும் கட்டிபோலத் தெரியலாம். இவற்றில் வயிற்றையே அடைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்வதில் முதலிடம் கோழைத் திரவக் கட்டிகளுக்கு.

கட்டியின் அகலம் இருமடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்காகும். உருண்டையான பத்து சென்டிமீட்டர் கட்டிக்குள் சுமார் அரை லிட்டர் திரவம் இருக்கும். இருபது சென்டிமீட்டர் என்றால் நான்கு லிட்டருக்கு மேல். முப்பது சென்டிமீட்டர் என்றால் பதினான்கு லிட்டர். இவ்வளவு வளர்ந்தும் பலருக்கு வலியே இருப்பதில்லை. வயிறு பெருப்பது, சீக்கிரம் வயிறு நிரம்பிவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவைதான் தென்படும். தொப்பை, வாயுத் தொல்லை, பிரசவத்துக்குப் பின் வந்த ஊளைச்சதை என்று வீட்டில் பேசி முடித்துவிடுவார்கள். திருமணமாகாத பெண் என்றால், வயிறு பெருப்பதைப் பற்றி வாய்திறக்கவே தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குள் கட்டிக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிடுகிறது.

1809 கிறிஸ்துமஸ்

பெரிய கட்டியை முழுதாக எடுப்பதா, முதலில் வடித்துவிட்டு எடுப்பதா என்ற கேள்வி இந்த அறுவையுடனேயே பிறந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூரில் எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற மருத்துவர் இருந்தார். நாற்பதுகளில் இருந்த ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணைப் பார்க்க 1809 டிசம்பரில் அவரை அழைத்தார்கள். பேறுகாலம் தள்ளிப்போகிறது என்றே எல்லோரும் நம்பியிருந்தனர். மெக்டவல் பரிசோதித்து, இது பிள்ளையில்லை, சினைப்பைக் கட்டி என்றார். அதுவரை யாரும் அப்படியொரு கட்டியை அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்ததாகத் தமக்குத் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. கிராஃபோர்டு சம்மதித்தார். சுமார் நூறு கிலோமீட்டர் தூரம் குதிரையில் அமர்ந்து டான்வில்லுக்கு வந்துசேர்ந்தார்.

கிறிஸ்துமஸ் நாளன்று மெக்டவலின் வீட்டிலேயே அறுவை நடந்தது. ஈத்தர் மயக்க மருந்து உலகுக்குத் தெரியவர இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. கட்டி அப்படியே வெளியே வர முடியாத அளவுக்குப் பெரியது. எனவே மெக்டவல் அதைத் திறந்து, உள்ளிருந்த கூழ்போன்ற பொருளில் 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, வெளியேற்றினார். பிறகு ஏழரை பவுண்டு எடையுள்ள பையை வெட்டி எடுத்தார். இருபத்தைந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. ஐந்தாம் நாள் அவர் பார்க்கப் போனபோது கிராஃபோர்டு எழுந்து தம் படுக்கையைத் தாமே சரிசெய்துகொண்டிருந்தார். 1842 வரை வாழ்ந்தார்.

நூறாண்டு கழித்து, 1905-இல் டெக்சாஸில் ஆர்தர் ஸ்போன் என்ற மருத்துவர் 328 பவுண்டு எடையுள்ள சினைப்பைக் கட்டிக்கு அறுவை செய்தார். ஏறக்குறைய 149 கிலோ. அவரும் அறுவைக்கு முந்தைய வாரத்தில் திரவத்தைப் படிப்படியாக வடித்துவிட்டே கட்டியின் சுவரை எடுத்தார். இதற்கு நேர்மாறான வழியில் போனவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர் கேத்தரின் ஓஹேன்லன். 1991 அக்டோபரில் 34 வயதுப் பெண் ஒருவரிடமிருந்து 137.6 கிலோ கட்டியை, கொஞ்சமும் உடைக்காமல், ஆறு மணி நேரத்துக்கு மேல் போராடி முழுதாக எடுத்தார்.

வடித்தால் வாசல் சிறிதாகும், ஆனால் சிந்தும் அபாயம் உண்டு. உடைக்காமல் எடுத்தால் சிந்தாது, ஆனால் பெரிய கீறல் வேண்டும். பசையும் உறையும் வந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

குழாய் வழியே பார்வை

வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் முயற்சி ஜெர்மனியில் 1901-இல் தொடங்கியது. கியார்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்திக் குழாய் வழியே பார்த்தார். 1910-இல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜேக்கபியஸ் அதை மனிதர்களிடம் செய்து வெளியிட்டார். வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்த இன்றும் பயன்படும் வெரஸ் ஊசியின் கதை இன்னும் சுவையானது. ஹங்கேரி மருத்துவர் யானோஷ் வெரஸ் 1938-இல் அதை வெளியிட்டது காசநோயாளிகளின் நெஞ்சுக்கூட்டில் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுப்பதற்காக. முனையில் உள்ள வில் அமைப்பு, ஊசி குழிக்குள் நுழைந்த நொடியே கூர்முனையை மறைத்து உறுப்புகளைக் காக்கும்.

வயிற்றுக்குள் பார்க்கும் இந்தக் குழாயை, அதாவது லேப்ராஸ்கோப்பை, பார்வைக் கருவி என்ற நிலையிலிருந்து அறுவைக் கருவியாக உயர்த்தியவர்களில் முக்கியமானவர் கீல் நகரின் மகப்பேறு மருத்துவர் குர்ட் செம். வாயு அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவியை உருவாக்கியவர் அவர். 1980-இல் லேப்ராஸ்கோப் வழியே குடல்வால் அகற்றியபோது, ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். பத்து ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப் வழியே பித்தப்பையை அகற்ற, இந்தியாவிலும் அந்த அலை வந்துசேர்ந்தது.

பெரிய சினைப்பைக் கட்டியில் முதல் சிக்கல் நுழைவதுதான். வழக்கமாகத் தொப்புளில் ஊசியை இறக்குவார்கள். கட்டி அங்கேயே வந்து நின்றால் ஊசி நேராக அதைக் குத்திவிடும். அதனால் இடது விலா எலும்பின் கீழே சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளி நுழைவதுண்டு. பிரெஞ்சு மருத்துவர் ரவுல் பால்மரின் பெயரால் அந்த இடத்தைப் பால்மர் புள்ளி என்கிறார்கள். இன்னொரு வழி, தொப்புளுக்கு மேல் சிறு கீறல் போட்டுக் கண்ணால் பார்த்தபடியே நுழைவது. உள்ளே செலுத்துவது கரியமில வாயு. தீப்பற்றாது, ரத்தத்தில் எளிதில் கரையும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அழுத்தம் பொதுவாகப் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும்.

மயக்க மருத்துவருக்கும் இது சாதாரண வேலையில்லை. பெரிய கட்டி மல்லாந்து படுத்த நிலையில் வயிற்றின் பின்புறமுள்ள பெரிய சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். திரவத்தை வேகமாக வடித்தாலும் ரத்தஓட்டம் திடீரென மாறித் தடுமாற்றம் வரலாம். ஆகவே உறிஞ்சும் வேகத்தைக் கட்டுப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகவே வயிற்றைத் தளர்த்துவார்கள்.

கட்டி சுருங்கியதும் மீதி வேலை லேப்ராஸ்கோப்பில் தொடரும், அல்லது சுருங்கிய பையையே கீறல் வழியே வெளியே இழுத்து வைத்து முடித்துவிடுவார்கள். சிறியதும் திடமானதுமான கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, பையின் வாயை வெளியே இழுத்து, அதற்குள்ளேயே வெட்டி எடுப்பார்கள். பெண்ணுறுப்பின் உட்கூரையில் சிறு திறப்பு செய்து அந்த வழியாகக் கட்டியை வெளியே கொண்டுவரும் முறையும் உண்டு. வயிற்றில் கூடுதல் தழும்பு விழாது.

சிந்தினால் என்ன?

சிந்திய பொருளைப் பொறுத்தது அது. தெளிந்த நீர் சிந்தினால் கழுவி எடுத்துவிடலாம். டெர்மாய்டு கட்டியின் கொழுப்பு உடல்சூட்டில் உருகியிருந்து, வெளியே வந்ததும் மார்கழிக் காலைத் தேங்காயெண்ணெய்போல் உறைந்துவிடும். அது வயிற்றுக்குள் தங்கினால் வயிற்று உறையில் அழற்சி ஏற்படலாம். அரிதுதான் என்றாலும், வெதுவெதுப்பான உப்புநீரை நிறைய ஊற்றி அலசாமல் விடமாட்டார்கள்.

கட்டி புற்றாக இருந்தால் கணக்கே வேறு. சினைப்பைக்குள் மட்டும் அடங்கிய புற்றுநோய் முதல் நிலையிலும் முதல் படி. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2014-இல் திருத்திய வகைப்பாட்டின்படி, அறுவையின்போது அதன் உறை உடைந்து சிந்திவிட்டாலே அது ஒன்று-சி நிலைக்கு மாறிவிடும். உடையாமல் வந்திருந்தால் சிலருக்குத் தேவைப்பட்டிருக்காத கீமோதெரபி, உடைந்த காரணத்தால் தேவைப்படலாம். அமெரிக்காவில் முதல்நிலைச் சினைப்பைப் புற்றுள்ள 8,800-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை அலசி 2020-இல் வெளிவந்த ஆய்வில், நுண்துளை அறுவையில் உறை உடைவது கூடுதலாக இருந்தது. உறை உடைந்தவர்களிடம் இறப்பும் கூடுதலாக இருந்தது.

சிறிய துளை என்பதாலேயே நல்லது என்று நினைத்துவிட முடியாது என்பதற்குப் பக்கத்து உறுப்பிலிருந்து இரண்டு சான்றுகள் உண்டு. கர்ப்பப்பைத் தசைக்கட்டிகளைத் துண்டுதுண்டாக அரைத்து எடுக்கும் மின்கருவி, மறைந்திருந்த புற்றைப் பரப்பக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு நுண்துளை அறுவையும் திறந்த அறுவையும் ஒப்பிடப்பட்ட பன்னாட்டுச் சோதனையின் முடிவு 2018-இல் வந்தது. நுண்துளைக் குழுவில்தான் நோய் திரும்புவதும் இறப்பும் கூடுதல். அதற்குப்பின் அந்தப் புற்றுக்குப் பல மையங்கள் மீண்டும் திறந்த அறுவைக்கே திரும்பின.

அறுக்கும் முன்பே பாதி முடிவு

இதனால்தான் கத்தி எடுக்கும் முன் செய்யும் பரிசோதனைகளுக்கு இவ்வளவு மதிப்பு. முதல் கருவி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சினைப்பைக் கட்டிகளை ஸ்கேனில் வகைப்படுத்த 1999-இல் உருவான ஐயோட்டா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு, 2008-இல் எளிய விதிகள் சிலவற்றை வெளியிட்டது. சாதாரணக் கட்டிக்கு ஐந்து அடையாளங்கள், புற்றுக்கு ஐந்து அடையாளங்கள். ஒரே அறை, மென்மையான சுவர், ரத்தஓட்டம் இல்லாமை என்றால் நிம்மதி. திடப்பகுதி, பூப்போன்ற முளைகள், அதிக ரத்தஓட்டம், வயிற்றில் நீர் என்றால் எச்சரிக்கை.

இரண்டாவது சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை. 35 என்பது வழக்கமான உச்சவரம்பு. சினைப்பைப் புற்றில் இது கூடும் என்பது உண்மை. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ், தசைக்கட்டி, கர்ப்பம், ஏன் மாதவிடாய் நாட்களிலும்கூடக் கூடும். நம் நாட்டில் மறக்கக் கூடாதது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், பக்கத்தில் கட்டி, எகிறிய சிஏ-125 மூன்றும் சேர்ந்து புற்று என்று மிரட்டி, லேப்ராஸ்கோப்பில் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தால் காசநோய் என்று தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவாகியுள்ளன. அந்த நோயாளிகளுக்கு வேண்டியது காசநோய் மாத்திரைகள். சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் வேறுவகைப் புற்றுகள் வரக்கூடும் என்பதால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய பரிசோதனைகளையும் சேர்ப்பார்கள்.

சந்தேகம் பலமாக இருந்தால் புற்றுநோய்ப் பயிற்சி பெற்ற மகளிர் அறுவை மருத்துவரிடம் அனுப்புவதே முறை. அங்கே பெரிய கீறல் போடுவது பழைய பாணி ஆகாது. கட்டியை உடைக்காமல் எடுக்கவும், வயிறு முழுவதையும் கையால் தொட்டுப் பார்க்கவும் அதுதான் வழி.

எதிர்முனையில், அறுவையே வேண்டாத கட்டிகளும் இருக்கின்றன. ஸ்கேனில் சாதாரணமாகத் தெரிந்த கட்டிகளுடன் இருந்த 1,919 பெண்களை இரண்டு ஆண்டுகள் கண்காணித்த ஐயோட்டா ஆய்வு 2019-இல் வந்தது. ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானாகவே மறைந்தது. புற்று என்று பிறகு தெரிந்தது 0.4 சதவீதத்தினரிடம் மட்டுமே. கட்டி முறுக்கிக்கொண்டதும் அதே 0.4 சதவீதம்தான்.

அறுவை தேவை, கட்டியும் சாதாரணமானது என்றால் நுண்துளை வழியின் பலன் தெளிவாகிறது. பன்னிரண்டு சோதனைகளையும் 769 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2009 காக்ரேன் தொகுப்பாய்வில், லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு வலியும் சிக்கல்களும் குறைவு. மருத்துவமனையில் தங்குவது ஏறக்குறைய மூன்று நாட்கள் குறைந்தது.

சினைப்பையைக் காப்பது

இளம்பெண்ணிடம் கட்டியை மட்டும் உரித்தெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் சினைப்பைத் திசுவைக் காப்பாற்றுவது அறுவையின் நோக்கங்களில் ஒன்று. முப்பது சென்டிமீட்டர் கட்டியிலும் ஓரத்தில் நல்ல சினைப்பைத் திசு மெல்லிய படலமாக விரிந்து கிடக்கலாம். ரத்தக்கசிவை நிறுத்த மின்சூட்டை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் அந்தப் படலத்தில் உள்ள கருமுட்டைகள் கருகும். சாக்லேட் கட்டிகளில் இந்த இழப்பு அதிகம். குழந்தை வேண்டும் என்று இருப்பவருக்கு அறுவைக்கு முன்பே ஏஎம்எச் பரிசோதனை செய்து கருமுட்டை இருப்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் பொறுக்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியின் காம்பு முறுக்கிக்கொண்டதா என்று உடனே பார்க்க வேண்டும். முறுக்கிய சினைப்பை கறுத்து நீலம்பாய்ந்து கிடப்பதைப் பார்த்து, செத்துவிட்டது என்று முன்பெல்லாம் எடுத்துவிடுவார்கள். இப்போது முறுக்கை அவிழ்த்துவிட்டு அதை உள்ளேயே விடுகிறார்கள். கறுத்துத் தெரிந்தவற்றில் பல பிறகு மறுபடி இயங்குகின்றன. ராத்திரி வலிக்கிறது, காலையில் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது சினைப்பையை இழக்கச் செய்யலாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

தழும்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. அதோடு வேறு சிலவற்றையும் கேட்கலாம். ஸ்கேனில் இது எந்த வகைக் கட்டி என்று கருதுகிறீர்கள்? உடைக்காமல் எடுப்பீர்களா, வடித்துவிட்டு எடுப்பீர்களா? சிந்தாமலிருக்க என்ன செய்வீர்கள்? நடுவில் திறந்த அறுவைக்கு மாற நேர்ந்தால் அதற்குத் தயாரா? சினைப்பையை வைத்துக்கொள்ள முடியுமா? அறுவையின்போதே திசுவை உறையவைத்துச் சோதிக்கும் வசதி இருக்கிறதா? இந்த உடனடிச் சோதனைக்கும் வரம்பு உண்டு. மிகப் பெரிய கோழைத் திரவக் கட்டியில் ஓரிரு இடங்களை மட்டும் பார்த்துப் புற்று இல்லை என்று அறுதியிட முடியாது. காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் எந்த முறைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.

நுண்துளை அறுவைக்குப் பிறகு பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். தோள்பட்டையில் ஒரு வலி வரும், பயப்பட வேண்டாம். வயிற்றில் மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. சில நாட்களில் போய்விடும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு உப்புதல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தையல் ஆறியதும் பலர் மறந்துவிடும் ஒன்று பயாப்சி முடிவு. அது வர ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். "பார்டர்லைன்" என்று அதில் எழுதியிருந்தால் புற்றும் இல்லை, முழுச் சாதாரணமும் இல்லை என்று பொருள். அப்படி முடிவு வந்தவர்கள் பல ஆண்டுகள் வரை குறிப்பிட்ட இடைவெளிகளில் ஸ்கேன் எடுத்துவர வேண்டும். சாக்லேட் கட்டி என்றால் மறுபடி வரக்கூடியது, அதைத் தடுக்க மாத்திரைகள் உண்டு. டெர்மாய்டு என்றால் பத்தில் ஒருவருக்காவது மறுபக்கச் சினைப்பையிலும் இருக்கக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அறிக்கையின் நகல் ஒன்றை வீட்டுக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; பின்னாளில் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.